கள்ளம்: ஒரு சொல்லின் வரலாறு

அரசர்க்கும் போர்க்கும் வரலாறு இருத்தல் போலச் சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு சொல் எப்பொருளிற் பிறந்தது, எவ்வெப்பொருளுக்கு ஏறிற்று, எவர் வாயில் எவரைக் குறிக்க வழங்கிற்று என்பவற்றை ஆராய்வோமாயின், அச்சொல்லை வழங்கிய மக்களின் நெஞ்சமும் ஓரளவு புலனாகும். வஞ்சம், படிறு, கரவு, சூது, கபடம், மோசம் எனப் பிறரை ஏமாற்றுதலைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பல. அவற்றுட் சில இன்று நூல்வழக்கில் மாத்திரம் எஞ்சியுள்ளன. படிறு என்பதனைத் திருக்குறட் பாடம் நிகழும் வேளையிலன்றி எம் மாணாக்கர் கேட்டறியார். கள்ளம் என்னுஞ் சொல்லோ பழந்தமிழ் வேரிலிருந்து கிளைத்து, இன்றும் சந்தையிலும் நீதிமன்றத்திலும் பள்ளிக்கூட முற்றத்திலும் உயிரோடு வழங்குவது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதும், அது நம் நாட்டில் ஒரு மக்கட் கூட்டத்தின்மேல் ஏற்றப்பட்ட வகையை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன், சிலப்பதிகாரப் பாடம் முடிந்து இடைவேளை மணி அடித்த பின்னர், மாணாக்கர் இருவரிடையே பூசல் எழுந்தது. ஒருவன் மற்றவனைக் ‘கள்ளத்தோணி’ என்று ஏசினான். ஏசப்பட்டவனின் குடும்பம் மலைநாட்டிலிருந்து பெயர்ந்து வன்னியிற் குடியேறியது. ஏசியவனை அழைத்து அச்சொல்லின் பொருள் யாதென வினவினேன். “தெரியாது, சேர். எல்லாரும் அப்படித்தானே சொல்லுறவை” என்றான். மற்றவன் தலை நிமிராமலே, “எங்கட பூட்டன் கப்பலிலதான் வந்தவராம், சேர், தோணியில இல்லை” என்றான். ஒரு விடை, சொல்லின் பொருளறியாது அதனை வழங்கியவனுடையது. மற்றையது, அதன் பொருளை நன்கறிந்து அதனைச் சுமந்தவனுடையது. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் வரலாறே ஈண்டு கூறப்படுவது.

கள்ளம் என்பதன் வேர் கள் என்னும் வினையடியாகும். களவு, கள்வன், கள்ளன், கள்ளம் என்பன யாவும் அவ்வேரிற் கிளைத்தவை. மலையாளத்திலும் கன்னடத்திலும் இவ்வினச் சொற்கள் திருட்டையும் வஞ்சனையையும் குறிப்பன. தெலுங்கிற் கல்ல என்பது பொய்யைக் குறிக்கும். பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவற்றை ஓரினமாகத் தொகுத்துள்ளனர். பருகுங் கள்ளின் பெயர் வடிவால் ஒத்ததாயினும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது. இச்சொற்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாய் நிற்பது மறைவு என்னுங் கருத்தே என்பது விளங்கும். பிறர் அறியாமற் கொள்வது களவு; உள்ளத்தில் ஒன்றை மறைத்துப் புறத்தே பிறிதொன்றைக் காட்டுவது கள்ளம். கொள்ளைக்காரன் பட்டப்பகலிலும் வருவான். கள்ளனுக்கு இருள் வேண்டும்.

இம்மறைவு எவ்விடத்தும் குற்றமேயாம் எனப் பழந்தமிழர் கருதினாரல்லர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் மூன்றாவது களவியல் எனப் பெயர் பெறும். பெற்றோரும் ஊரும் அறியாது தலைவனுந் தலைவியும் ஒழுகும் காதலொழுக்கமே ஆண்டுக் களவு எனப்பட்டது. தீயசெயலின் பெயரை நல்லொழுக்கத்துக்கு இடலாமோ என்னும் ஐயம் அக்காலத்தார்க்கே எழுந்துள்ளது. இறையனார் களவியல் உரை இவ்வையத்தை எழுப்பி அதற்கு விடையும் தருகின்றது. சுற்றத்தாரோடு பிணங்கிய ஒருத்தி நஞ்சுண்டு சாகத் துணிந்து, அதனைக் கூட்டி வைத்திருக்கின்றாள். அருளுடைய ஒருவன் அவள் காணாதவாறு அதனை எடுத்துச் சென்று கொட்டிவிடுகின்றான். அவள் நஞ்சைக் காணாது சாவினின்றும் நீங்குகின்றாள். அவன் செய்ததும் களவே. ஆயினும் அது நன்மையே பயந்தது என்பது அவ்வுரையின் கருத்து. மறைத்துச் செய்யப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு செயல் தீதாகாது. எதற்காக மறைக்கப்பட்டது, எவர்க்கு என்ன விளைந்தது என்பனவும் ஆராயப்படல் வேண்டும் என்னும் நுட்பத்தை அவ்வுரைகாரர் அன்றே உணர்த்திவிட்டார்.

திருவள்ளுவர் இச்சொல்லின் அறத்தைத் துறவறவியலில் வகுத்தார். கள்ளாமை என்பது இருபத்தொன்பதாம் அதிகாரம். அதற்கு முன்னே கூடாவொழுக்கமும் பின்னே வாய்மையும் நிற்கின்றன. பொய்வேடத்துக்கும் மெய்ம்மைக்கும் இடையே கள்ளாமையை வைத்த முறையே கருதத்தக்கது. பிறன் பொருளை வஞ்சித்துக் கொள்வேம் என மனத்தால் நினைப்பதனையும் அவர் தீது என்றார். எனவே கள்ளம் என்பது கைச்செயலாவதற்கு முன்னரே நெஞ்சில் நிகழ்வது. ஒருவன் எங்குப் பிறந்தான், எக்குலத்தான், எத்திசையிலிருந்து வந்தான் என்னும் வினாக்களுக்கு அவ்வதிகாரத்தில் இடமில்லை. கள்ளம் மனத்துக்கும் வினைக்கும் உரிய பெயர். பிறப்புக்கு உரிய பெயரன்று.

சைவத் திருமுறைகளிலும் இச்சொல்லின் இருவகை வழக்கையுங் காணலாம். புலன்களின் வஞ்சனையைக் குறிக்கக் கள்ளம் என்பது வரும். அதே வேளையில், திருஞானசம்பந்தர் தமது முதற்பதிகத்தில் இறைவனையே கள்வன் என்று அன்பு மேலிட அழைத்தார். அவர் பிறந்த சீகாழிக்குத் தோணிபுரம் என்பதும் ஒரு பெயர். அங்கு எழுந்தருளிய பெருமான் தோணியப்பர். கள்வன், தோணி என்னும் இவ்விரு சொற்களும் ஏழாம் நூற்றாண்டில் வழிபாட்டுச் சொற்களாய் நின்றமையை நினைவில் வைத்துக்கொண்டு மேற்செல்வோம்.

ஒருவன்மேற் கள்வன் என்னும் பெயர் பொய்யாக ஏற்றப்பட்டால் விளைவது யாது? இவ்வினாவைத் தமிழில் மிக ஆழமாக ஆராய்ந்த நூல் சிலப்பதிகாரம் எனலாம். கோவலன் மதுரைக்குப் புதியவன். புகாரிலிருந்து பிழைப்பு நாடி வந்தவன். அவ்வூரில் அவனை அறிந்து சான்று கூறுவார் இலர். கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் தன் களவை மறைத்தற்கு இவனே தக்கவன் எனத் துணிந்தான். அரசனோ வினவி ஆராய்ந்தானல்லன். கொலைக்களக் காதையில் வரும் ஒரு செய்தி நம் கருத்துக்கு இன்றியமையாதது. காவலர் கோவலனைக் கண்டவுடன், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்றே எனத் தயங்கினர். அப்பொழுது பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கையாளும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டுவகைத் துணைகளையும் நூல்முறையால் விரித்துரைத்தான். கண்ணாற் கண்ட உண்மையைக் கற்ற பேச்சு வென்றது. காவலருட் கல்லாதான் ஒருவனின் வாள் கோவலனை வீழ்த்திற்று. உண்மைக் கள்ளம் பொற்கொல்லனுடையது; கள்வன் என்னும் பெயரோ வந்தேறிக்கு ஆயிற்று. பின்னர்க் கண்ணகி தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது, பாண்டியன் கள்வன் என்னும் பெயரைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டு அரியணையில் வீழ்ந்து உயிர்துறந்தான். ஆராயாது பிறர்மேல் எறியப்பட்ட சொல் எறிந்தவனிடமே மீளும் என்பது இளங்கோவடிகள் காட்டிய நெறி.

இனி நம் நாட்டு வழக்கை நோக்குவோம். யாழ்ப்பாணத்தார் பேச்சிற் கள்ளம் என்பது பல தொகைச்சொற்களை ஈன்றுள்ளது. கள்ளக்காசு, கள்ளத்தராசு, கள்ளக் கையெழுத்து, கள்ளச்சாட்சி, கள்ள உறுதி, கள்ளவாக்கு என்பன சில. உணவு வேளையல்லாத வேளையில் ஒளித்துத் தின்பது கள்ளத்தீன். வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச்சாட்டு என்பது பழமொழி. இவை ஒவ்வொன்றிலும் மறைத்துச் செய்யப்பட்ட ஒரு செயலும் அதனைச் செய்த ஒருவனும் உளர். கள்ள உறுதி முடித்தவன் கள்ளன். அவ்வுறுதியாற் காணியை இழந்தவனைக் கள்ளன் என்பாரில்லை. தந்தை கள்ளக் கையெழுத்திட்டமைக்காகப் பேரனைச் சிறையிடும் நீதிமன்றமும் இல்லை. இவ்வொழுங்குக்கு மாறாக வழங்கும் தொகைச்சொல் ஒன்றே உளது. அதுவே கள்ளத்தோணி.

தோணி என்பது நேர்மையான சொல். பாக்கு நீரிணையின் இருகரையாரும் அதில் நெல்லும் ஓடும் புகையிலையும் ஏற்றி வாழ்ந்தனர். வல்வெட்டித்துறையார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று 1938ஆம் ஆண்டில் மாசசூசெற்சிலுள்ள குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. பிரித்தானியர் ஆட்சியில் இருகரைகளும் ஒரே பேரரசின்கீழ் இருந்தமையால், கடலைக் கடத்தல் அக்காலத்திற் கள்ளமாகக் கருதப்படவில்லை.

மலைநாட்டு மக்களின் வருகையோ ஒளிவுமறைவின்றி நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டுத் தென்னிந்தியத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர்; நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியபின் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. தொழிலாளர் தேவை மேலும் பெருகிற்று. தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் அவர்கள் முகாம்களில் நிறுத்தப்பட்டு, நோய்ச்சோதனை செய்யப்பட்டு, பதிவேடுகளில் எழுதப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தோட்டத்தைக் குறிக்கும் எண் முதலியன பொறித்த தகரவில்லை ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்டது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் அவ்வழியே வந்தனர். எண்ணிட்டு, எழுதி, வில்லை கட்டி, அரசினர் கண்முன்னே கொணரப்பட்டவர்களினும் வெளிப்படையாக இந்நாட்டுக்கு வந்தோர் எவருமிலர் எனலாம்.

கள்ளம் நிகழவில்லையோ எனின், நிகழ்ந்தது. அஃது அவர்களுக்குச் செய்யப்பட்டது. தேயிலைச் செடியின் அடியைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என ஆசைகாட்டி அழைத்தனர் என்பது மலையக மக்களின் வாய்மொழி மரபு. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் கணக்கிற் கடனாக ஏறிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போவதாயின் அக்கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். கடனை ஏற்கும் தோட்டமே ஆளையும் ஏற்கும். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாதவன் கணக்கைப் பிறர் எழுதுமிடத்து யார் கள்ளர், யார் கள்ளத்துக்கு ஆளானோர் என்பதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1931ஆம் ஆண்டில் வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபொழுது இம்மக்களுட் பெருந்தொகையினரும் வாக்களித்தனர். அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரும் ஆனார். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். நாட்டு மக்களுள் நூற்றுக்கு 11.7 பேர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. ஒருவன் இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் அச்சட்டத்துக்குப் போதவில்லை. அவன் தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேற் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். லயத்தில் வாழ்ந்தோரிடம் அதற்குரிய பத்திரங்கள் அரிதாகவே இருந்தன. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தும், ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிடைத்தது. அதே ஆண்டிற் செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் நீங்கிற்று.

கள்ளத்தோணி என்னுஞ் சொல் பெருவழக்கானது இக்காலத்தையொட்டியே. குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், அனுமதியின்றிக் கடல் கடத்தல் குற்றமாயிற்று. அதன் பின்னரும் இரவிற் படகேறி வந்தோர் இருந்தனர் என்பதனை மறுத்தல் நேர்மையாகாது. அவர்களைத் தடுக்க 1952ஆம் ஆண்டில் இராணுவ நடவடிக்கை தொடங்கிற்று. 1963ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிப்படையும் அமைக்கப்பட்டது. அத்தோணிகளுக்குக் கள்ளத்தோணி என்னும் பெயர் பொருந்துவதே. ஆயின், அப்பெயர் தோணியினின்றும் இறங்கி, தோணியையே கண்டறியாத மக்கள்மேல் ஏறிற்று. தேயிலைக் கொழுந்து கொய்து கொண்டிருந்த பெண்ணும், நுவரெலியாவிற் பிறந்து கடலையே காணாத சிறுவனும் கள்ளத்தோணி எனப்பட்டனர். சிங்கள மக்களும் இத்தமிழ்ச் சொல்லைத் தம்மொழியில் ஏற்று ‘கல்லத்தோனி’ என வழங்கினர். நம் மொழி பிறமொழிக்கு வழங்கிய கொடைகளுள் இதனையும் ஒன்றாகச் சொல்ல நேர்ந்தது வருந்தத்தக்கது.

பிறரைக் குறைகூறி நாம் இவ்விடத்தில் நின்றுவிடுதல் தகாது. வடபகுதியினராகிய நாமும் அச்சொல்லை வழங்கினோம். தோட்டக்காட்டான் என்பதும் நம் வாயிற் பிறந்த சொல்லே. வீட்டுவேலைக்கும் வயல்வேலைக்கும் மலைநாட்டுச் சிறுவரைக் கொணர்ந்தோர், அவர் பெயர் சொல்லி அழைக்காது இப்பெயர்களால் அழைத்ததுண்டு. பிரசாவுரிமைச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1949ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கியபோது அவ்வநீதியும் அதற்கொரு காரணமாய் அமைந்தது. எனினும், மேடையிற் கண்டிக்கப்பட்ட அநீதி அடுக்களையில் அதே சொல்லால் நிலைபெற்றது.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவோ, சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தனர். 1974ஆம் ஆண்டில் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. மக்களின் விருப்பத்தைக் கேளாமலே அவர்கள் தொகை பங்கிடப்பட்டது. கப்பலில் வந்தோரின் மக்களும் பேரரும் கப்பலிலேயே அனுப்பப்பட்டனர். நீலகிரியில் இறங்கியபோது அங்குள்ளோர் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கு எஞ்சியோர்க்கு 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் குடியுரிமை வழங்கின. 1948இல் இழந்ததை முழுதும் மீட்க 55 ஆண்டுகள் சென்றன. சட்டம் திருந்திற்று, சொல் மட்டும் திருந்தாது பள்ளிக்கூட முற்றத்தில் நின்றது.

இவ்வரலாற்றுக்குப் பிற்பகுதி ஒன்றுண்டு, அது நம்முடையது. 1983ஆம் ஆண்டுக்குப்பின் வடபகுதித் தமிழர் ஆயிரக்கணக்கில் இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தனர். கடவுச்சீட்டு இல்லை, அனுமதி இல்லை, விளக்கையும் அணைத்தே சென்றனர். அவர்களுட் பலர் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். அக்காலத்திற் கூலிகள் எனக் குறிக்கப்பட்டோர் எண்ணப்பட்டு எழுதப்பட்ட அதே மண்டபம். சொல்லின் இலக்கணத்தை மட்டும் நோக்கினால், அனுமதியின்றி மறைந்து கடல் கடந்தோர் நாமே. ஆயினும் அவர்களைக் கள்ளத்தோணி என நாம் அழைத்தோமல்லோம், அகதிகள் என்றோம். அவ்வாறு அழைத்தது முற்றும் சரியே. உயிர் காத்தற்பொருட்டு மறைந்து சென்றதனை, நஞ்சை மறைத்து எடுத்துச் சென்றவனின் களவோடு ஒப்பிடலாம். நம்மவர்க்கு நாம் காட்டிய இந்நுண்பொருளறிவை, மறையாமலே வந்த மலையகத்தார்க்கு ஏன் காட்டினோமல்லோம் என்பதே நாம் நம்மை வினவ வேண்டிய வினா.

முடிவாகச் சொல்லத்தக்கது இது. கள்ளம் என்பது வினையைக் குறிக்கும் சொல். அதனை ஒருவர்மேல் ஏற்றுமுன், செய்த செயல் யாது, அதனை மறைத்தவர் யார், இழந்தவர் யார் என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். ஆராயாது வழங்குமிடத்துச் சொல்லே பொற்கொல்லனின் வேலையைச் செய்துவிடும். கண்ணகியை வற்றாப்பளையிலும் மட்டக்களப்பிலும் நாம் வழிபடுகின்றோம். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர். வந்தேறிய ஒருவனைக் கள்வன் எனப் பொய்யாய்ப் பெயரிட்டமைக்கு நீதி கேட்டவளே அத்தெய்வம். அவள் கோயில் முன்றிலில் வணங்கி வந்த வாயால் அச்சொல்லை இன்னொருவன்மேல் எறிதல் எங்ஙனம் பொருந்தும்?

அன்றைய வகுப்பில், இடைவேளையின் பின் வழக்குரை காதையை மீண்டும் முதலிலிருந்து படிப்பித்தேன். ஏசிய மாணாக்கனையே பாண்டியன் பகுதியை வாசிக்கச் செய்தேன். அரசன் தன்னையே கள்வன் என்னும் இடத்துக்கு வந்தபோது அவன் சற்றே நிறுத்தினான். பின்னர்த் தாழ்ந்த குரலில் வாசித்து முடித்தான். பொருள் கேட்க வேண்டியிருக்கவில்லை.